வெறும் வயிற்றோடு வந்த குடும்பம்

எங்கள் ஊரில் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானால் முதல் வேலையாக அப்பாவுக்கு முதுகு வலிக்க ஆரம்பிக்கும். கல்யாணத்துக்கு லீவு கேட்டால் எண்ணி எண்ணித் தருவார்கள், டிஸ்க் நழுவிவிட்டது என்றால் மாதக்கணக்கில் தருவார்கள். ஆகவே திருவனந்தபுரத்தில் ஆற்றுக்கால் பொங்காலை நெருங்கும்போதும், வெளிநாட்டிலிருந்து மகன் லீவில் வரும்போதும், வீடு கட்டத் தொடங்கும்போதும் அரசு ஊழியர்களின் முதுகெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நழுவும். மெடிக்கல் சர்டிபிகேட் என்ற ஒரு தாள் அவற்றை வேண்டிய நாள்வரை நழுவியபடியே வைத்திருக்கும். அந்தத் தாளைத் தரும் மகான்களில் ஒருவரிடம்தான் நான் வேலை பார்க்கிறேன்.

கிள்ளிப்பாலம் பக்கத்தில் அவருடைய கிளினிக். அவர் உடம்பைப் பார்ப்பார், நான் மனசைப் பார்ப்பேன். மனசைப் பார்க்க வருகிறவர்கள் குறைவு என்பதால் எனக்குப் பின்பக்கத்து அறை, மின்விசிறியும் பழசு. ஆரியசாலையில் வத்தல் மண்டி வைத்திருந்த நாஞ்சில்நாட்டுக் குடும்பத்தில் பிறந்து, மண்டியில் உட்காராமல் சைக்காலஜி படித்தவள் நான். "பைத்தியத்துக்குப் பாடம் எடுக்கப் போறா" என்று வீட்டில் அன்று சிரித்தார்கள். இன்றும் சிரிப்பு ஓயவில்லை.

அந்தக் குடும்பம் எங்களிடம் வந்து சேர்ந்ததற்கு ஒரே காரணம் நான் தமிழ் பேசுவதுதான். இலங்கையிலிருந்து தப்பி வந்த ஒரு தகப்பன், தாய், ஒன்பது வயது மகள். காணாமல் போன தம்பி எங்கே என்று அலுவலகம் அலுவலகமாகக் கேட்டுத் திரிந்தார் தகப்பன். கேட்டதுதான் குற்றம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் வீட்டுக்கே வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். பல வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது முதுகும் கைகளும் முன்புபோல இல்லை. கடல் தாண்டி வந்து, விழிஞ்ஞத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தார்கள். துறைமுக வேலையில் அவர் கூலி.

தகப்பனின் அக்கா குளிர்நாடு ஒன்றில் இருந்தாள். அங்கே அடைக்கலம் கேட்டு மனுப் போட்டிருந்தார்கள். அந்த ஊர் வக்கீல் எங்களுக்கு எழுதினார்: தகப்பனின் காயங்களுக்கு மருத்துவ அறிக்கை வேண்டும், பிள்ளைக்கு மனநல அறிக்கை வேண்டும். இரண்டும் வலுவாக இல்லாவிட்டால் மனு நிற்காது. மனு நிற்காவிட்டால் மூன்று பேரும் இலங்கைக்கே திரும்பிப் போக வேண்டியதுதான். அவரைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அங்கே இன்னும் அதே உத்தியோகத்தில் இருந்தார்கள்.

முதல் நாள் காலையில் அவர்கள் வந்து உட்கார்ந்த கோலத்தைப் பார்த்து, எங்கேயோ பெண் பார்க்கப் போகிற வழியில் இறங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். பிள்ளைக்குத் தலை நிறைய எண்ணெய், இரட்டைப் பின்னல், விறைப்பாகத் தேய்த்த சட்டை. தகப்பனுக்கு அந்த வேகாத வெயிலிலும் முழுக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தான்வரை பூட்டு. தாய் ஒரு பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தாள்.

டீ சொல்லட்டுமா என்று கேட்டேன். மூன்று பேரும் ஒருசேரத் தலையாட்டி வேண்டாம் என்றார்கள். பிள்ளைக்கு ஒரு பிஸ்கட்டாவது கொடுக்கலாம் என்றால், தாய் பதறிப்போனாள்.

"வேண்டாம் டொக்டர். நாங்கள் ஒண்டும் சாப்பிடேல்லை, வெறும் வயித்தோடதான் வந்தனாங்கள். மூத்திரமும் போத்தல்ல கொண்டுவந்திருக்கிறம்."

பையில் இருந்தது அதுதான். யாரும் கேட்கவில்லை. ஏதோ அதீத ஒழுங்குள்ள குடும்பம் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன். அங்கேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

டாக்டர் தகப்பனை உள்ளே அழைத்தார். மலையாளியான எங்கள் டாக்டருக்குத் தனக்குத் தமிழ் தண்ணீர்பட்ட பாடு என்று ஒரு நினைப்பு. டிவியில் பார்த்த சினிமாக்கள் தந்த தைரியம். "உடம்பில் எவிடெயெங்கிலும் வலி உண்டோ?" என்று கேட்டுவிட்டு, இது தமிழ்தானே என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"ஒரு வருத்தமும் இல்லை சேர். நல்ல சுகம்" என்றார் தகப்பன், பட்டாளத்துக்கு ஆளெடுக்கிற இடத்தில் நிற்பதுபோல நெஞ்சை நிமிர்த்தி. சட்டையைக் கழற்றச் சொன்னபோது மட்டும் தயங்கினார். கழற்றினால், கைகளிலும் தோளிலும் சந்தன நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. தோல் வியாதிக்கு மருந்து போலிருக்கிறது என்று டாக்டர் குறித்துக்கொண்டார். முதுகைத் திருப்பிப் பார்க்கவில்லை. வெளியே ஒரு தாசில்தார் டிஸ்க் நழுவக் காத்திருந்தார்.

பிள்ளை என் பங்கு. அதற்கென்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. "கடந்த இரு வாரங்களில் நீ உன்னைப் பயனற்றவளாக உணர்ந்தாயா?" என்று எழுதியிருக்கும். அதைத் தமிழில் பெயர்த்த புண்ணியவான் தன் வாழ்நாளில் ஒரு பிள்ளையோடும் பேசியதில்லை என்று சத்தியம் செய்வேன். கூடவே படங்கள். பனியில் பொம்மை செய்யும் சிறுவன் மகிழ்ச்சியாக இருக்கிறானா, சோகமாக இருக்கிறானா என்று பிள்ளை சொல்ல வேண்டும். விழிஞ்ஞத்தில் பனிக்கட்டியைப் பற்றிக் கருத்துச் சொல்லும் தகுதி மீனுக்கு மட்டும்தான் உண்டு.

பிள்ளை எல்லாவற்றுக்கும் புன்னகையோடு பதில் சொன்னது. பயமா? இல்லை. கெட்ட கனவா? இல்லை. தூக்கம்? நல்லா நித்திரை வரும். பனிப்பையன்? சந்தோசமா இருக்கிறான். கூட்டிப் பார்த்தால் மதிப்பெண் பூஜ்யம். என் சொந்தக்காரப் பிள்ளைகள் ஒன்றுகூட இத்தனை ஆரோக்கியமாக இருக்காது.

டாக்டருக்குப் பரம சந்தோஷம். "குட்டிக்கு ஒரு குழப்பமும் இல்லை, கேட்டோ. நார்மல் என்று எழுதிவிடு. ஊணு நேரத்துக்குள்ளே முடிக்கலாம்."

எனக்கு என்னவோ உறுத்தியது. வெளியே வந்தேன். தாய் எழுந்து நின்றாள்.

"பிள்ளை எல்லாம் சரியாச் சொன்னவளோ டொக்டர்? ஒரு கிழமையாச் சொல்லிக் குடுத்தனான்."

"என்னத்த சொல்லிக் குடுத்தீங்க?"

"ஒரு வருத்தமும் இல்லையெண்டு சொல்லச் சொல்லி. வீட்டுக்கார அக்காதான் சொன்னவ. வெளிநாட்டுக்குப் போறதெண்டால் மெடிக்கல் பாஸாகோணுமாம். ஒரு சின்னத் தழும்பு கண்டாலும் அன்ஃபிட் எண்டு அடிச்சு விடுவினமாம். அவவின்ர மகன் ரெண்டுதரம் அப்பிடித்தான் திரும்பி வந்தவனாம்."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கல்ஃப் மெடிக்கல். இந்தக் கரையில் வெளிநாடு என்றால் அரபு நாடு, மெடிக்கல் என்றால் எக்ஸ்ரே, ரத்தம், மூத்திரம், ஃபிட் முத்திரை. அந்த வீட்டுக்காரி பாவம், தனக்குத் தெரிந்ததை அள்ளிக் கொடுத்திருக்கிறாள். தகப்பனின் கையில் அப்பியிருந்தது அவள் மகளின் கல்யாண மேக்கப்பில் மிஞ்சியது. தங்கள் காயத்தை ஒரு முறை காட்டினால் உயிர் பிழைக்கலாம் என்ற நிலையில் இருந்த மூன்று பேர், அதை மைதா மாதிரி பூசி மறைத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

உட்காரவைத்து விளக்கினேன். இங்கே மறைக்கக் கூடாது, அங்கே என்ன நடந்ததோ, இப்போது என்ன செய்கிறதோ, அதைச் சொல்ல வேண்டும். தாயின் முகம் மாறியது.

"அப்ப என்ர பிள்ளைக்கு விசர் எண்டு எழுதப்போறீங்களோ?"

"பைத்தியம்னெல்லாம் எழுதமாட்டேம்மா. பயந்துபோயிருக்குன்னு எழுதுவேன், இருந்தா."

அவள் மகளைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். பிள்ளை படுக்கையை நனைக்கிறது. வாசலில் யார் கூப்பிட்டாலும் போகாது, பதிலும் சொல்லாது. பால்காரி வந்தாலும் கட்டிலுக்கடியில்தான். பெரிய இடத்துப் பிள்ளை, மதிக்கிறதில்லை என்று வீட்டுக்காரி கோபித்துக்கொள்கிறாளாம். அடுத்த வாரம் வாருங்கள், எதையும் சொல்லிக் கொடுக்காமல் வாருங்கள் என்று அனுப்பினேன்.

அடுத்த வாரம் வந்தார்கள். ஐயோ, அந்த வருகையை எப்படிச் சொல்ல.

பிள்ளைக்குத் தலையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை, முடி பறந்துகொண்டிருந்தது. சட்டை கசங்கியிருந்தது. தகப்பன் தாயின் தோளைப் பிடித்து நொண்டினார். கதவுவரை இடது கால் நொண்டியது, நாற்காலியிலிருந்து எழுந்தபோது வலது கால். டாக்டரைக் கண்டதும் தாய் மகளின் முதுகில் லேசாக இடித்தாள். பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு "ஊ" என்று ஒரு சத்தம் எழுப்பியது. பள்ளி ஆண்டு விழாவில் நரி வேஷம் போட்ட பிள்ளை இதைவிட நன்றாகச் செய்யும்.

விசாரித்ததில், இதுவும் வீட்டுக்காரியின் உபயம். காயத்தைக் காட்ட வேண்டும் என்று நான் சொன்னதைக் கேட்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஓ, இது ஊனப் பென்ஷன் மெடிக்கல் போர்டு. அவளுடைய கொழுந்தனுக்கு அப்படித்தான் கிடைத்தது. நடக்கக் கூடாது, சீவக் கூடாது, கேட்டதற்கெல்லாம் அழ வேண்டும். எங்கள் ஊருக்குத் தெரிந்தது இரண்டே மெடிக்கல். ஒன்றில் இல்லாத ஆரோக்கியத்தைக் காட்ட வேண்டும், மற்றதில் இல்லாத நோயைக் காட்ட வேண்டும். இருப்பதைக் காட்டுகிற மெடிக்கலை ஒருவரும் கேள்விப்பட்டதில்லை.

டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். முகம் சிவந்திருந்தது.

"எந்தா இது? நாடகமோ? போன வாரம் நல்ல சுகம், இந்த வாரம் நொண்டி. மிகைப்படுத்துகிறார்கள் என்று நான் எழுதுவேன். பொய்க்கு நான் கையொப்பு போட முடியாது. எனக்கு ஒரு பேர் உண்டல்லோ."

அப்படி ஒரு வரி எழுதினால் கதை முடிந்தது. நொண்டின காலைப் பற்றி எழுதினால் முதுகைப் பற்றி எவன் நம்புவான். எனக்கு வந்த கோபத்தில் மண்டிக் குடும்பத்துத் தொண்டை திறந்துகொண்டது.

"சாரே, காலைல ஒருத்தருக்கு மூணு மாசம் டிஸ்க் எழுதினீங்கல்லா? அவரு சர்டிபிகேட்ட வாங்கிட்டு ரெண்டு ரெண்டு படியா தாண்டி இறங்கிப் போனாரு. அவரு முதுகப் பாத்தீங்களா? இவரு முதுகையும் நீங்க இன்னும் பாக்கல்ல. பாத்துட்டு என்ன வேணும்னாலும் எழுதுங்க. நான் குறுக்க வரமாட்டேன்."

அவர் கைக்குட்டையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பிறகு தகப்பனை உள்ளே அழைத்துச் சட்டையைக் கழற்றச் சொல்லி, சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். இத்தனை வருடம் முதுகுவலி எழுதியே கை தேய்ந்த மனுஷன், ஒரு முதுகை உண்மையாகப் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். நெடுநேரம் பார்த்தார். ஸ்கேல் எடுத்து அளந்தார். சாப்பாட்டு நேரம் தாண்டிப் போனதை அவர் கவனிக்கவில்லை.

நான் பிள்ளையைப் பின்னறைக்குக் கூட்டிப்போனேன். கேள்வித்தாளை மேஜைக்குள் போட்டு மூடினேன். எனக்கும் பசி, எரிச்சல். டிபனைத் திறந்து, பாதி எலுமிச்சம் சாதத்தை மூடியில் போட்டு அதனிடம் தள்ளினேன்.

"நான் உங்கிட்ட இன்னைக்கு ஒண்ணும் கேக்கப்போறதில்ல. கேட்டுக் கேட்டு எனக்கே போரடிச்சுப் போச்சு. உனக்கு என்னமாவது கேக்கணும்னா கேளு."

பிள்ளை கொஞ்ச நேரம் சாதத்தில் இருந்த கடலையைப் பொறுக்கித் தின்றது. பிறகு தலை நிமிராமல் கேட்டது.

"நீங்கள் எழுதுறதை அப்பா வாசிப்பாரோ அன்ரி?"

"வாசிச்சுக் காட்டணும். கையெழுத்துப் போடணும்லா."

"அப்ப நான் சொல்லமாட்டன்."

நான் சாப்பிடுவதைத் தொடர்ந்தேன். என்னத்தை என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். எனக்கு அது லேசான காரியமில்லை. கடைசியில் அதுவாகவே சொன்னது.

"அண்டைக்கு அந்த மாமா வாசல்ல வந்து அப்பா எங்கை எண்டு கேட்டவர். அப்பாதான் கடைக்குப் போயிட்டார் எண்டு சொல்லச் சொன்னவர். நான் மறந்துபோனன். உள்ளுக்கு இருக்கிறார் எண்டு சொல்லிப்போட்டன்."

தூக்கிக்கொண்டு போக வந்தவனையும் மாமா என்றுதான் அது சொன்னது. பெரியவர்கள் கேட்டால் மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று வளர்த்திருந்தார்கள். மரியாதையாகப் பதில் சொன்னது. அன்றிலிருந்து எந்த வாசலிலும் எவருக்கும் பதில் சொல்வதில்லை. பனிப்பையனின் சோகத்தைக் கண்டுபிடிக்க உட்காரவைத்த பிள்ளை இது. என் பங்குச் சாதத்தைத் தள்ளி வைத்தேன்.

"இதை எழுதினாத்தானே அங்க உங்களக் கூப்பிடுவாங்க" என்றேன்.

"அப்ப எழுதாதேங்கோ. நாங்கள் திரும்பிப் போவம்."

அது யோசித்துச் சொன்ன வார்த்தை. அப்பாவுக்குத் தெரிவதைவிட அந்த ஊருக்கே திரும்பிப் போவது மேல் என்று ஒன்பது வயதில் கணக்குப் போட்டு வைத்திருந்தது. அங்கே அப்பாவுக்கு என்ன ஆகும் என்பதும் அதற்குத் தெரியும். சொல்லும்போது உதடு வெளுத்துவிட்டது.

பிள்ளையைக் கேட்காமல் நான் ஒன்றும் செய்யவில்லை. அப்பாவிடம் அந்த நாளைப் பற்றி நான் மட்டும் கேட்கட்டுமா, நீ சொன்னதைச் சொல்லமாட்டேன் என்றேன். ரொம்ப நேரம் யோசித்து, சரி என்றது. பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டு, தகப்பனை என் அறைக்கு அழைத்தேன். நொண்டாமல் வந்தார். வீட்டுக்குள் வந்து பிடித்தார்களா, வெளியே வைத்துப் பிடித்தார்களா என்று மட்டும் கேட்டேன். அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"நான் அலுமாரிக்குப் பின்னால ஒளிச்சு நிண்டனான். சின்னப் பிள்ளையை ஒண்டும் செய்யமாட்டாங்கள் எண்டு நினைச்சு, இவளைத்தான் வாசலுக்கு அனுப்பினனான். ஏழு வயசுப் பிள்ளையை முன்னுக்கு விட்டுட்டு நான் பின்னால நிண்டனான், டொக்டர். அடிச்சதெல்லாம் மறந்தாலும் அது மறக்காது. மனுசி அண்டைக்கு வீட்டில இல்லை, இதை நான் அவவுக்குக்கூடச் சொல்லேல்லை."

இரண்டு பேரும் ஒரே வாசலை வைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே பாயில் படுத்திருந்திருக்கிறார்கள்.

"இத எனக்கிட்ட சொன்னது போதாது. பிள்ளைகிட்ட சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க" என்றேன்.

பிள்ளையைக் கூட்டிவந்தேன். அவர் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து சொன்னார். நீ வாசல்ல சொன்னது எனக்கு அண்டைக்கே கேட்டது, நான்தான் உன்னை அனுப்பினனான், அது என்ர பிழை, உன்ர பிழை இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிள்ளை முதலில் அவரை அடித்தது. நெஞ்சில், தோளில், அந்தக் காயங்களின் மேல். பிறகு அழுதது. அந்தக் கிளினிக்கில் இத்தனை வருடத்தில் நான் கேட்ட அழுகைகளில் அதுபோல ஒன்றைக் கேட்டதில்லை. நானும் அழுதேன், அதில் ஒளிக்க என்ன இருக்கிறது.

சத்தம் கேட்டு டாக்டர் கதவைத் திறந்தார். பார்த்தார். என் காதருகே குனிந்து, "இது நல்ல க்ளினிக்கல் ஃபைண்டிங். விடாமல் எழுது" என்றார். சார், தயவுசெய்து கதவைச் சாத்துங்க என்றேன். மனுஷன் கெட்டவரில்லை. ஆனால் கண்ணீரைப் பார்த்தாலும் அவருக்குக் கை பேனாவைத்தான் தேடும்.

அறிக்கை போனது. உடம்புக்கு நான்கு பக்கம், மனசுக்கு ஐந்து பக்கம். வாசல் விஷயத்தை எழுதலாமா என்று பிள்ளையிடம் மறுபடி கேட்டுத்தான் எழுதினேன். எழுதலாம், அப்பாவுக்குத்தான் தெரியுமே என்றது. தகப்பனுக்கும் தாய்க்கும் வரிவரியாக வாசித்துக் காட்டினேன். அந்த இடம் வந்ததும் தாய் புருஷனைப் பார்க்காமல் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

சில வாரங்களில் வக்கீல் வீடியோவில் வந்தார். மூன்று பேரும் என் அறையில், என் கணினிக்கு முன்னால். அவருக்குத் தமிழ் தெரியாது, நான்தான் நடுவில். அறிக்கை பிரமாதம், மிக வலுவானது என்று ஒரேயடியாகப் பாராட்டினார். எனக்கும் தலை கொஞ்சம் வீங்கியது. பிறகு விஷயத்துக்கு வந்தார். பிள்ளை அதையெல்லாம் அதிகாரிக்கு முன்னால் தன் வாயால் ஒரு முறை சொன்னால் மனு உறுதி. வீடியோவில் போதும், ஒரு மணி நேரம். பிள்ளை சொல்லாவிட்டால் தோற்கவும் வாய்ப்பிருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை என்றார்.

நான் தமிழில் சொன்னேன். சொல்லும்போதே பிள்ளையின் முகத்தில் அந்தப் பழைய புன்னகை வந்து ஒட்டிக்கொண்டது. "நான் சொல்லுவன், எனக்கு ஏலும்" என்றது. தாய் புருஷனைப் பார்த்தாள்.

தகப்பன் நாற்காலியை இழுத்து, பிள்ளைக்கும் திரைக்கும் நடுவில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"நான் கதைக்கிறன் எண்டு சொல்லுங்கோ. என்னை எவ்வளவு நேரமும் கேக்கட்டும், சட்டையைக் கழட்டச் சொன்னாலும் கழட்டுறன். தோத்தால் தோக்கட்டும். இவளை இன்னொருக்கா வாசலுக்கு அனுப்பேலாது."

ஒரு சொல்லும் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அறிக்கையை அப்படிப் பாராட்டிய வக்கீல் புருவத்தைச் சுருக்கி, எந்த வாசல் என்று கேட்டார்.